திடீர் சிசு மரணம்: அந்த இரத்தப் பரிசோதனை பற்றி

அக்காவின் குழந்தை தூக்கத்திலேயே இறந்த பிறகு, உங்கள் மூன்று மாதக் குழந்தையின் அருகில் இரவெல்லாம் விழித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே மனம் கனத்தது. ‘காரணத்தைக் கண்டுபிடித்துவிட்ட’ இரத்தப் பரிசோதனைக்காக லேப் லேபாக அலைய வேண்டாம், சகோதரி.

திடீர் சிசு மரணத்தின் காரணம் இரத்தத்தில் தெரிந்துவிட்டது என்ற செய்தி 2022-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து வந்தது. அங்குள்ள ஆய்வாளர் கார்மெல் ஹாரிங்டனின் குழு, பிறந்தவுடன் சேகரித்த இரத்தத் துளிகளை ஆராய்ந்தது. பின்னர் இப்படி இறந்த 26 குழந்தைகளிடம் ஒரு நொதியின் செயல்பாடு சராசரியாகக் குறைவாக இருந்தது. ஆனால் நலமாக வளர்ந்த பல குழந்தைகளிடமும் அதே அளவுகள் இருந்தன. ஆகவே அதை வைத்து ஒரு தனிக் குழந்தையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஊடகங்கள் மிகைப்படுத்தியது எனக்கு இன்னும் கோபம்தான்.

அமெரிக்காவின் பாஸ்டனில் மூளை ஆய்வாளர் ஹன்னா கின்னியின் ஆய்வுகள் எனக்கு அதிக நம்பிக்கை தருகின்றன. இறந்த குழந்தைகள் பலரின் மூளைத்தண்டில் செரோடோனின் (நரம்புகள் செய்தி அனுப்ப உதவும் வேதிப்பொருள்) அமைப்பு சரியாக இல்லை. மூச்சு முட்டும்போது விழித்துத் தலையைத் திருப்பவைக்கும் வேலையில் அதற்குப் பங்கு உண்டு. குப்புறப் படுக்கவைப்பது ஏன் ஆபத்து என்பது இதிலிருந்து ஓரளவு புரியும்.

மாமியார் வேறுவிதமாகச் சொன்னாலும் மல்லாக்கவே படுக்கவையுங்கள். கக்கினால் புரையேறும் என்ற பயம் வேண்டாம். மல்லாந்த நிலையில் மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருக்கும். தலையணை, கனமான போர்வை, சிகரெட் புகை கூடாது.

அப்புறம், அக்கா குழந்தையின் பிரேதப் பரிசோதனை அறிக்கை இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டி, பரம்பரை இதயத்துடிப்புக் கோளாறுக்கு ஈசிஜி தேவையா என்று கேளுங்கள்.