முதல் பனிப்பொழிவுக்கு முன்பே எலும்பையும் பாதத்தையும் பாருங்கள்

கேள்வி: எனக்கு 62 வயது. பென்னாகரம் அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். 68 வயதாகும் என் கணவருக்குச் சென்ற ஆண்டு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். மகளின் பிரசவத்துக்காக நவம்பர் மாத நடுவில் கனடாவின் டொராண்டோ நகருக்குச் செல்கிறோம். பனிக்காலத் தொடக்கத்தில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள் என்று மகள் பயப்படுகிறாள். அது உண்மையா? நாங்கள் எப்படித் தயாராக வேண்டும்?
- வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: உங்கள் மகளின் பயம் நியாயமானதே. நவம்பர் பிற்பகுதியில் அங்கே இரவு வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி ஏறி இறங்குவதால், பகலில் உருகிய பனி இரவில் மீண்டும் உறைந்து, தார்ச்சாலையின் கறுப்பு நிறமே தெரியும் அளவுக்கு மெல்லிய பனிக்கட்டிப் படலமாகப் படிந்துவிடும். அதன்மேல் புதுப் பனி ஒரு விரல் உயரத்துக்குப் பெய்துவிட்டால் அடியில் இருப்பது யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு, உள்ளூர்க்காரர்களே அப்போது பழைய செருப்பிலும் பழைய நடையிலும்தான் இருப்பார்கள். குளிர்கால டயரை மாட்டாத கார்களும் சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால், விழுவது ஒன்று, விழுந்தால் எலும்பு உடைவது வேறொன்று. இரண்டாவதைத்தான் நீங்கள் ஊரிலிருந்தே கவனிக்க முடியும். பென்னாகரம் பகுதியில் வளர்ந்தவர் என்பதால், 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கும்வரை பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்திருப்பீர்கள். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது வரம்பு. நம் மாவட்டத்தின் பல ஆழ்துளைக் கிணறுகளில் அது தாண்டியிருந்தது. பல ஆண்டுகள் அத்தண்ணீரைக் குடித்தவர்களின் எலும்பில் ஃபுளோரைடு சேர்ந்து, முதுகும் கழுத்தும் இறுகிவிடக்கூடும். அத்தகைய எலும்பு எக்ஸ்ரேயில் அடர்த்தியாகத் தெரிந்தாலும் எளிதில் முறியக்கூடியது. அதனால் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பின் அளவு நன்றாக இருப்பதாக வந்தாலும் அதை மட்டும் நம்பி நிம்மதி அடைய வேண்டாம். நீங்கள் குடித்த தண்ணீரைப் பற்றி மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். குனிந்து கால் விரல்களைத் தொடுவது, தாடையை மார்பில் சேர்ப்பது, இரு கைகளையும் பின்தலையில் வைப்பது ஆகிய மூன்றையும் வீட்டிலேயே செய்து பாருங்கள். முடியவில்லை என்றால், கால் சறுக்கும்போது உடலைச் சமாளித்துக்கொள்வதும் கடினம் என்று கொள்ள வேண்டும்.

கேழ்வரகுக் களி சாப்பிடும் வழக்கம் இருந்தால் விட்டுவிடாதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஆனால் அந்தக் கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். டொராண்டோவின் குளிர்கால வெயிலில் நம் தோல் அதைப் போதிய அளவில் உருவாக்காது. எனவே கிளம்புவதற்கு முன்பே ரத்தத்தில் வைட்டமின் டி அளவையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் பரிசோதித்து, மாத்திரை தேவையா என்று கேளுங்கள்.

12 ஆண்டுச் சர்க்கரை நோய்க்குப் பிறகு பாத உணர்ச்சி மங்கியிருக்க வாய்ப்புண்டு. உணர்ச்சி குறைந்த பாதம் தரையின் வழுக்கலையும் உணராது, குளிரால் விரல் மரத்துப்போவதையும் சொல்லாது. பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இங்கே வாங்கும் ஷூ வேண்டாம். ஆழமான வெட்டுகள் கொண்ட மென்மையான ரப்பர் அடியுள்ள பூட்ஸை அங்கேயே வாங்கித் தரச் சொல்லுங்கள். வெளியே செல்லும்போது புடவையைத் தவிர்ப்பது நல்லது. கனமான கோட்டுக்குக் கீழே தொங்கும் கொசுவம் படியில் காலைத் தடுக்கும். ஒகேனக்கல்லின் பாசி படிந்த பாறையில் நடப்பதைப் போல, குட்டை அடிகளாக, பாதம் முழுவதையும் பதித்து நடங்கள். கையுறை அணிந்துகொண்டு, கைகளைச் சட்டைப்பையில் நுழைக்காமல் வைத்திருங்கள். காரிலிருந்து இறங்கும்போது இரண்டு கால்களையும் தரையில் ஊன்றிய பிறகே எழுந்திருங்கள்.

மருமகனுக்கு உதவுகிறேன் என்று உங்கள் கணவர் மண்வெட்டியை எடுத்து வாசல் பனியை அள்ளக் கூடாது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும் நேரத்தில் கனமான பனியைத் தூக்குவது மாரடைப்பைத் தூண்டக்கூடும். ஸ்டென்டுக்காக அவர் சாப்பிடும் மாத்திரைகள் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. அவற்றைத் தாமாக நிறுத்தவும் கூடாது. ஆகவே விழுந்து தலையில் லேசாக அடிபட்டாலும், வலி இல்லை என்று வீட்டில் இருந்துவிடாமல் அன்றைக்கே மருத்துவமனையில் காட்ட வேண்டும். வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி ஆகியவை தோன்றினால் உடனே 911 எண்ணை அழையுங்கள்.

கையை ஊன்றி விழுவோருக்கு மணிக்கட்டு எலும்புதான் அதிகம் உடையும். வீக்கம் ஏறும் முன்பே வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். தைலம் தேய்த்து நீவவே கூடாது. இடுப்பில் அடிபட்டு எழ முடியாமல் போனால் தூக்கி நிறுத்த முயல வேண்டாம். போர்வையால் மூடி வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்காகக் காத்திருங்கள்.

டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாண அரசின் மருத்துவக் காப்பீடு சுற்றுலா விசாவில் செல்வோருக்குக் கிடையாது. தனியார் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை நோயையும் ஸ்டென்டையும் மறைக்காமல் எழுதுங்கள். இன்னொன்று, இது என் துறை அல்ல என்றாலும் சொல்கிறேன்: அங்கே நகராட்சியின் நடைபாதையில் விழுந்து காயமடைந்தால் பொதுவாக 10 நாட்களுக்குள்ளும், தனியார் இடத்தில் என்றால் 60 நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் தெரிவித்தால்தான் இழப்பீடு கோர முடியும். எனவே விழுந்த இடத்தையும் நேரத்தையும் குறித்து, அந்த இடத்தைப் புகைப்படம் எடுத்து, மருத்துவமனைச் சீட்டுடன் வைத்துக்கொள்ளும்படி மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.