முதல் நாளே எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா?

கேள்வி: எனக்கு 29 வயது. சாவகச்சேரியில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போய் வருகிறேன். அப்பா போன பிறகு நித்திரை இல்லை, ஒரு வேலையிலும் மனம் நிற்குதில்லை. உளவளத்துணைக்கு (கவுன்சிலிங்) போகச் சொல்லிச் சிநேகிதி நிற்கிறாள். அம்மாவோ, "சனம் என்ன கதைக்கும்?" என்கிறா. அங்கே என்ன கேட்பார்கள்? நான் சொல்வது வெளியில் போகாதா? எத்தனை தரம் போக வேண்டும்? – பெயர் வேண்டாம்

பதில்: தங்கச்சி, மூன்றில் நடுக் கேள்விதான் உங்களை மறிக்கிறது என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணம் சின்ன இடம். அந்தக் கதிரையில் இருப்பவ உங்கள் மாமியோடு படித்தவவாகவும் இருக்கலாம். ஆகவே போய் இருந்ததும் நீங்களே கேளுங்கள்: "நான் சொல்வதை எழுதி வைப்பீங்களா? அதை யார் பார்ப்பினம்? கோயிலில் கண்டால் என்னைத் தெரிந்த மாதிரிக் காட்டுவீங்களா?" நல்ல ஆள் இதற்குக் கோபிக்கமாட்டார். பெரும்பாலும் நீங்கள் கேட்க முதலே, எல்லாம் இரகசியம்தான், உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டி வரும் என்று விளங்கப்படுத்துவார். தெரிந்த முகம் என்றால் வேறொருவரைக் கேளுங்கள், அதில் பிழையில்லை. சொந்தக்காரரிடம் போகவே வேண்டாம்.

முதல் நாள் முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் எடுக்கும். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், இடையில் முழிப்பு வருமா, சாப்பாடு எப்படி, வீட்டில் யார் யார், ஏதும் மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். கடந்த 2 கிழமை எப்படி இருந்தது என்று 9 கேள்விகள் உள்ள தாள் ஒன்றும் தரக்கூடும். அதில் கடைசிக் கேள்வி சாகும் எண்ணம் பற்றியது. தாள் கொடுக்கும் எல்லோரிடமும் கேட்பதுதான், உள்ளதை எழுதுங்கள்.

அப்பாவின் கடைசி நாட்களை அன்றைக்கே சொல்லத் தேவையில்லை. "அதை இப்ப கதைக்க ஏலாது" என்றால் போதும். சிலருக்கு அன்றிரவு துக்கம் கூடும், உடம்பும் களைக்கும். அன்று பின்னேரம் வேறு அலுவல் வைக்காதீர்கள்.

"அவ ஒண்டும் சொல்லேல்லை, கேட்டுக்கொண்டே இருந்தா" என்று சலித்துக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். சாத்திரியாரிடம் போனால் பரிகாரத்தோடு திரும்பிப் பழகிய சனம் அல்லவா நாங்கள்! இங்கே அப்படி இல்லை. பொதுவாகக் கிழமைக்கொரு தரம் என்று தொடங்கும். நித்திரை, எரிச்சல் என்று ஏதாவது குறித்துக்கொண்டு வரச் சொல்லுவார்கள். நாலைந்து தரம் போன பிறகு மாற்றம் தெரிகிறதா என்று இருவரும் கதைத்துப் பார்க்கலாம். இன்ன எண்ணிக்கை என்று முதலே சொல்ல ஏலாது. ஆள் ஒத்துவராவிட்டால் முகத்துக்கே சொல்லி மாறலாம்.

மருந்து வேண்டுமென்றால் மனநல வைத்தியரிடம் அனுப்புவார்கள், உளவளத்துணையாளர் எழுதமாட்டார். யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசில்லை. உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். ஊர்க்கண் பயம் என்றால் யாழ்ப்பாணத்திலேயே காட்டிவிட்டு பஸ் ஏறுங்கள்.

அம்மாவிடம் இப்போதைக்கு, "நித்திரை இல்லாததுக்குக் காட்டப் போறன்" என்று மட்டும் சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. இடையில் ஓரிரவு தாங்கேலாமல் வந்தால், தவணை வரும்வரை பார்த்துக்கொண்டு இருக்காமல் 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள்.