ஸ்டீராய்டு கொடுத்தால் வைரஸ் பெருகாதா?

கொரோனாவில் மூச்சுத் திணறி ஆக்சிஜனில் இருக்கும் அப்பாவுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து போடுகிறார்கள், அது எதிர்ப்பாற்றலை அடக்கினால் வைரஸ் பெருகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் இந்தக் கட்டத்தில் நுரையீரலை அதிகம் கெடுப்பது, அடங்காமல் கொதிக்கும் நம் எதிர்ப்பாற்றலேதான். திருடனைப் பிடிக்க வந்தவர்கள் வீட்டையே உடைப்பது மாதிரி. அந்த அழற்சியைத்தான் மருந்து தணிக்கிறது.

2020இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில் இந்த மருந்தைத் தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் கொடுத்தார்கள். 28 நாள்களுக்குள் இறப்பு, வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை, கெடுதலாகக்கூட முடியலாம். அதனால் லேசான காய்ச்சலோடு வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் அதே மாத்திரையைத் தரலாமா என்றீர்களே, தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம், அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு என்கிறீர்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், பூஞ்சைத் தொற்றுக்கும் வழிவிடும். ரத்தச் சர்க்கரையை எத்தனை முறை பார்க்கிறார்கள் என்று டாக்டரிடம் கேளுங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், ஒரு பக்க முகவலி, மூக்கில் கறுப்பாகக் கசிவு, இதில் எது தெரிந்தாலும் உடனே சொல்லிவிடுங்கள்.