பெட்ரா ஆல்பங்களில் முதலிடம் எதற்கு? என் ஓட்டு 1982க்கு

கேள்வி: அமெரிக்கக் கிறிஸ்தவ ராக் குழுவான பெட்ராவின் ஆல்பங்களை வரிசைப்படுத்தினால் முதலிடம் 'பியாண்ட் பிலீஃப்' தானே? மற்றதையெல்லாம் கேட்கத்தான் வேண்டுமா?

கட்டாயம் கேட்க வேண்டும். கேள்வியின் அந்த இரண்டாம் பாதிதான் என்னை எழுத உட்கார வைத்தது.

யாரோ நண்பர் 'பியாண்ட் பிலீஃப்' இணைப்பை அனுப்பியிருப்பார், நீங்களும் ஒரே மூச்சில் கேட்டு முடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நல்ல ஆல்பம், மறுக்கவில்லை. 1990இல் வந்தது, கிராமி விருதும் வாங்கியது. ஜான் ஷ்லிட்டின் கரகரத்த உச்சக் குரலுக்கு அதைவிடப் பொருத்தமான பாட்டுகள் அமையவில்லை. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தை எடுத்து 'கிரீட்' என்று ராக் பாட்டாக்கியிருப்பார்கள். ஞாயிறுதோறும் சபையோடு எழுந்து நின்று சொல்கிற வரிகள் கிட்டார் சத்தத்தில் வரும்போது மெய்சிலிர்க்கும். ஆனால் 1972இல் இந்தியானா மாநிலம் ஃபோர்ட் வெய்னில் பாப் ஹார்ட்மன் கூட்டிய குழு இது. 2005 வரை, முப்பது வருடத்துக்கு மேல் ஓடியது. அதை ஒரே ஆல்பத்தோடு மூடி வைப்பது அநியாயம்.

என் முதலிடம் 'மோர் பவர் டு யா', 1982. ஷ்லிட்டுக்கு முன்பிருந்த கிரெக் எக்ஸ். வோல்ஸ் பாடியது. "நீ வோல்ஸ் கட்சி" என்று யாரும் முத்திரை குத்த வேண்டாம். எனக்கு இரண்டு பேரும் வேண்டியவர்கள். நான் பார்ப்பது பாட்டில் வசனம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதைத்தான். இந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு ஏசாயா 40:31. கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்கள் புதுப்பெலன் அடைவார்கள் என்பதுதான் அதன் உயிர். இன்னொன்று 150ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம். 'ரன் ஃபார் த பிரைஸ்' பவுல் கொரிந்தியருக்கு எழுதிய ஓட்டப்பந்தயம். ஹார்ட்மன் வேதத்தை மேலே தூவிவிட்டுப் போகிறவர் இல்லை, அதிலிருந்துதான் பாட்டையே கட்டுவார்.

சின்ன வயது நினைவுக்காக முதலிடம் தருகிறாய் என்பார்கள். இல்லை. ஆனால் அந்த நினைவைச் சொல்லாமலும் இருக்க முடியாது.

எங்கள் ஊரில் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம். வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்திருந்தார். இரண்டாம் நாள் ராத்திரி வாலிபர்களைப் பார்த்துத் திரும்பினார். ராக் இசை எல்லாமே பிசாசின் வேலை, கிறிஸ்தவப் பெயர் வைத்துக்கொண்டு வருவது இன்னும் மோசம், டேப்பைத் தலைகீழாக ஓட்டினால் சாத்தானைத் துதிக்கும் வார்த்தைகள் கேட்கும் என்றார். வீட்டில் உள்ள கேசட்டுகளை மறுநாள் கொண்டுவந்து கொடுங்கள், மைதானத்திலேயே எரிப்போம் என்றும் சொன்னார். என் பெரியப்பா அப்போது சபைக் கமிட்டியில் இருந்தார். வீட்டுக்கு வந்ததும் அவர் கை நீட்டியது எங்கள் கேசட் பெட்டிக்குத்தான்.

எங்களிடம் இருந்தது இதே 'மோர் பவர் டு யா' கேசட், கடையில் கொடுத்து அண்ணன் பதிவு பண்ணியது. அதில் 'ஜூடாஸ் கிஸ்' தொடங்கும் முன் புரியாத ஒரு முனகல் வரும். தலைகீழாகப் பதிவான குரல் என்பது யார் கேட்டாலும் தெரியும். பெரியப்பாவுக்கும் தெரிந்தது. "இது என்னது?" என்றார். அண்ணன் பதில் சொல்லவில்லை. கண்ணாடி ரிப்பேருக்கு வைத்திருந்த சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்து, கேசட்டின் ஐந்து திருகையும் கழற்றி, மேல் மூடியைப் பெயர்த்தான். உள்ளே ஓடுகிற நாடாவுக்கு ஓர் அரை முறுக்குக் கொடுத்து, மூடியைப் பொருத்தி, பென்சிலால் முழு நாடாவையும் மறு சக்கரத்துக்குச் சுற்றினான். இப்படிச் செய்தால் நாடாவின் பின்பக்கம் ஹெட்டில் உரசும், பாட்டு பின்னாலிருந்து முன்னால் ஓடும். தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல் அமுங்கித்தான் கேட்கும், ஆனால் கேட்கும்.

டூ-இன்-ஒன் டேப்ரெக்கார்டரில் போட்டோம். பாட்டுகள் எல்லாம் அலங்கோலமாக ஓடின. அந்த இடம் வந்ததும் மட்டும் குரல் நேரானது. ஆண்டவரைத் தேட வேண்டிய நீ பிசாசை எதற்குத் தேடுகிறாய் என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி.

பெரியப்பா ஆங்கில ஆசிரியர். "எலேய், இன்னொரு தடவை போடு" என்றார். போட்டோம். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராகச் சபைப் போதகர் ஐயர் வீட்டுக்குப் போனார். மறுநாள் எங்கள் கேசட் மைதானத்துக்குப் போகவில்லை.

80களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இந்தத் தலைகீழ்ப் பதிவுப் பயம் பெரிதாகக் கிளம்பியிருந்தது. சொந்த மதத்தாரே குற்றம் சாட்டியபோது அதற்கான பதிலை ஆல்பத்துக்குள்ளேயே பதித்து வைத்த துணிச்சல் இது. பழைய ராக் என்று ஒதுக்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு ஒதுக்கட்டும்.

இரண்டாமிடம் உங்கள் 'பியாண்ட் பிலீஃப்'. மூன்றாவது 'நாட் ஆஃப் திஸ் வேர்ல்ட்', 1983. அதில் உள்ள 'கிரேவ் ராபர்' பாட்டை துக்க வீட்டிலிருந்து திரும்பிய ஒரு ராத்திரியில் கேட்டிருக்கிறேன். மரணம் கடைசிச் சத்துரு, அதுவும் அழிக்கப்படும் என்பதை அவ்வளவு அமைதியாகப் பாடிய ராக் குழு வேறு எனக்குத் தெரியாது.

நான்காவது 'திஸ் மீன்ஸ் வார்', 1987. ஷ்லிட் வந்தபின் இரண்டாவது ஆல்பம். அவர் ஹெட் ஈஸ்ட் என்ற ராக் குழுவில் பாடியவர், போதைப் பழக்கத்தால் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, மனந்திரும்பி வந்தவர். போர்ப் பாட்டுகளில் அவர் குரலுக்கு இருக்கும் உறுதி சும்மா வந்ததில்லை. இந்த ஆல்பத்தில் கெனானியாவைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. 1 நாளாகமம் 15ஆம் அதிகாரத்தில் உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவரும்போது லேவியருக்குப் பாட்டுத் தலைவனாக இருந்தவன். கொயரில் பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? எனக்கு பெட்ரா சொல்லித்தான் தெரியும்.

கொயர் என்றதும் வயிறு எரிகிறது, சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு சீரியல் பல்பு, பந்தல், வாண வேடிக்கை என்று செலவழிக்க யாரும் யோசிப்பதில்லை. வாலிபர்கள் பேஸ் கிட்டாருக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர் கேட்டு எழுதிக் கொடுத்த கடிதம் கமிட்டி மாறி கமிட்டி மாறிக் கோப்பிலேயே கிடக்கிறது. பையன் மைக் ஸ்பீக்கரில் இணைத்து வாசிக்கிறான், கொர்ரென்று இரைகிறது, "சத்தம் அதிகம்" என்று அவனையே திட்டுகிறார்கள். ஆம்ப்ளிஃபையர் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திட்டினால் கேட்டுக்கொள்ளலாம். இது கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும், ஆனால் இந்தத் தளத்தில் எங்கள் சேகரத்து (சபை வட்டாரத்து) ஆட்களும் இருக்கிறார்கள், படிக்கட்டும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'ஆன் ஃபயர்', 'நெவர் சே டை', 'அன்சீன் பவர்', 'வேக்-அப் கால்' எல்லாம் அடுத்த வரிசை, அவற்றுக்குள் எது முன் எது பின் என்று நான் சண்டை போட மாட்டேன். 'பீட் த சிஸ்டம்' கீபோர்டும் சிந்தசைசருமாக நிறைய பேருக்கு ஒட்டவில்லை, எனக்குப் பிடிக்கும். 2003இல் வந்த 'ஜெக்கில் அண்ட் ஹைட்' பலரும் தவறவிட்ட ஆல்பம். நியூஸ்பாய்ஸ் என்ற இன்னொரு கிறிஸ்தவ ராக் குழுவின் பீட்டர் ஃபர்லர் தயாரித்தது, அந்த வயதிலும் அவ்வளவு கனமாக வாசித்திருக்கிறார்கள். 1974இல் வந்த முதல் ஆல்பம் ஒலியில் கரடுமுரடு, ஆனாலும் ஒரு தடவை கேளுங்கள்.

கடைசி இடம் 2000இல் வந்த 'டபுள் டேக்'குக்கு. பழைய பாட்டுகளையே பெரும்பாலும் மென்மையாக்கித் திரும்ப வாசித்தது. அதற்கும் கிராமி கிடைத்தது என்று பின்னூட்டத்தில் சொல்ல வருவீர்கள், எனக்கும் தெரியும். 'மோர் பவர் டு யா'வுக்குக் கிராமி இல்லை. விருதை வைத்து வரிசை போட்டால் அதைக் கீழே தள்ள வேண்டியிருக்கும், அதற்கு நான் தயாரில்லை.

நீங்கள் அடுத்து கேட்க வேண்டியது அந்த 1982 ஆல்பம்தான். வரிசை மாற்றாமல் முதல் பாட்டிலிருந்து கேளுங்கள். 'ரோட் டு ஸையன்' கடைசிக்கு முன்னால் வரும், அதற்குள் நிறுத்திவிடாதீர்கள்.