பேத்தியின் வீட்டுப்பாடம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு அருகில் ஒரு தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரப்பர் காலத்தில் பால் எடையும், பிறகு செம்பனைக் குலைக் கணக்கும், மாதக் கடைசியில் செக்ரோல் எனும் சம்பளப் பதிவேடும் எழுதிய கை இது. தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் பேத்தி கொண்டுவந்த மூன்று கேள்விகளில் எங்கள் வீடே தடுமாறி நிற்கிறது.

மூன்று தட்டுகளில் தட்டுக்கு ஐந்து ரம்புத்தான் உள்ள படத்திற்குப் பெருக்கல் வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் சொன்னபடி 5 × 3 = 15 என்று எழுதினாள். பள்ளியில் அதை அடித்துவிட்டு 3 × 5 என்று திருத்தி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்தது கடையில் வாங்கிய பயிற்றியில் (பயிற்சி நூலில்) உள்ளது: ‘2, 4, 8, ___ என்ற எண் தோரணியை நிறைவு செய்க.’ நான் 16 என்றேன், மருமகள் 14 என்றார், பக்கத்து வீட்டுப் பையன் 10 என்றான். மூன்றாவது, ‘47 − 29 என்பதை 48 − 30 என்று மாற்றிக் கழிக்கலாம். ஏன்? விளக்குக.’ கழிக்கத் தெரியும். ஏன் என்பதற்கு என்ன எழுதுவது? மருமகள், பள்ளிகளில் கணிதப் பாடம் ஆங்கிலத்துக்கு மாறிய 2003-இல் முதலாம் ஆண்டில் சேர்ந்தவர், கணிதத்தை ஆங்கிலத்தில் படித்தவர். தமிழில் கேள்வியைப் படித்து எனக்குச் சொல்வதற்குள் இருவருக்கும் சலிப்பு வந்துவிடுகிறது. பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டதில் குழப்பம்தான் கூடியது. இந்த வயதில் இப்படிக் கேட்பது சரியா? பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பிவிடலாமா?

தங்கள் வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்

*

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

உங்கள் மூன்று கேள்விகளும் ஒரே வகையானவை அல்ல என்பதால், அவற்றைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்று, வகுப்பில் நடந்த பாடத்தை அறியாதவருக்கு மட்டும் புதிராகத் தெரிவது. இன்னொன்று, யாருக்குமே விடை நிச்சயமில்லாதபடி மோசமாக அமைந்தது. மற்றொன்று, உண்மையிலேயே நல்ல கேள்வி.

ரம்புத்தானிலிருந்து தொடங்குகிறேன். 3 × 5 என்பதை ‘ஐந்தைந்தாக மூன்று குழுக்கள்’, அதாவது 5 + 5 + 5, என்று வாசிக்கும்படி உங்கள் பேத்தியின் வகுப்பில் கற்பித்திருக்கிறார்கள் என்பது அந்தத் திருத்தத்திலிருந்தே தெரிகிறது. இது கணிதத்தின் விதியன்று. பாடத்திட்டம் வகுத்துக்கொண்ட ஓர் ஏற்பாடு. ஜப்பானியத் தொடக்கப்பள்ளிகளில் ஒரு தட்டில் உள்ள எண்ணிக்கையை முதலிலும் தட்டுகளின் எண்ணிக்கையை அடுத்தும் எழுதுவதே வழக்கம் என்பதால், நீங்கள் சொல்லிக்கொடுத்த 5 × 3 அங்கே சரியாகவும், உங்கள் ஊர் ஆசிரியர் திருத்திக் கொடுத்த 3 × 5 தவறாகவும் ஆகியிருக்கும். அங்கும் இதைப்பற்றிப் பெற்றோருக்கும் பள்ளிகளுக்கும் இடையே பல்லாண்டுகளாக வாக்குவாதம் நடக்கிறது. அமெரிக்காவில் 2015-இல் ஒரு பிள்ளை 5 × 3 என்பதை 5 + 5 + 5 என்று எழுதியதற்கு மதிப்பெண் குறைக்கப்பட்ட விடைத்தாள் இணையத்தில் பரவி, உலகம் முழுவதும் சண்டைக்குக் காரணமாயிற்று.

குழு எது, குழுவுக்குள் இருப்பது எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை ஆசிரியர் வளர்க்க விரும்புவதற்குக் காரணம் உண்டு. வகுத்தல் வரும்போது, 15 பழங்களை மூன்று பேருக்குச் சமமாகப் பகிர்வதும், 15 பழங்களை மும்மூன்றாகக் கட்டுவதும் ஒரே விடையைத் தந்தாலும் இரு வேறு செயல்கள் என்று பிள்ளை உணர வேண்டியிருக்கும். ஆனாலும் 15 என்ற சரியான விடைக்கு மேல் சிவப்புக் கோடு போட்டதை நான் ஏற்கவில்லை. ‘உன் வாக்கியத்தில் தட்டு எது, பழம் எது?’ என்று பக்கத்தில் எழுதிக் கேட்டிருந்தால் போதுமானது. பிள்ளை ஐந்து தட்டுகள் என்று நினைத்தாளா, அல்லது தாத்தா சொன்ன வரிசையில் எழுதினாளா என்பதும் ஆசிரியருக்கு அப்போது தெரிந்திருக்கும்.

இரண்டாவது கேள்வியில் பிழை உங்கள் வீட்டாரிடம் இல்லை. ஒவ்வொன்றும் முந்தியதன் இரு மடங்கு என்று கொண்டால் 16. முதலில் 2, அடுத்து 4, பிறகு 6 என்று கூட்டுகிற அளவு வளர்கிறது என்று கொண்டால் 14. இரண்டையும் நான்கையும் மாறி மாறிக் கூட்டினால் 10. மூன்றுக்கும் நியாயம் இருக்கிறது. மூன்று எண்களை மட்டும் கொடுத்துவிட்டு ‘நிறைவு செய்க’ என்றால் எத்தனை விதமாகவும் நிறைவு செய்யலாம். ஒரே அளவில் ஏறுகிற அல்லது இறங்குகிற தோரணிகளைத்தான் இந்த வயதில் பழக்குவார்கள் என்பதால், அது 2, 4, ___, 8 என்று இருந்திருக்க வேண்டும், அச்சில் கோடு இடம் மாறியிருக்கும் என்பது என் ஊகம். கடைகளில் கிடைக்கும் பயிற்றிகள் எல்லாவற்றையும் யாரும் வரிக்கு வரி சரிபார்த்து வெளியிடுவதாக எண்ணிவிட வேண்டாம். அச்சில் வந்துவிட்டதாலேயே கேள்வி சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, குடும்பமே சேர்ந்து அதற்கு விடை தேடுகிறது.

அந்த நம்பிக்கை பிள்ளைகளிடம் இன்னும் வலுவாக இருக்கிறது. 1970களின் இறுதியில் பிரான்சின் கிரெனோபிள் நகரில், உங்கள் பேத்தியின் வயதை ஒட்டிய 97 பிள்ளைகளிடம், ‘ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன, கப்பல் தலைவனின் வயது என்ன?’ என்று கேட்டார்கள். கொடுத்த எண்களைக் கொண்டே 76 பேர் வயதைச் சொல்லிவிட்டார்கள். பெரும்பாலோர் சிந்திக்கத் தெரியாதவர்கள் அல்லர். ‘இந்தக் கேள்வியில் பொருள் இல்லை’ என்ற பதிலை அதுவரை யாரும் அவர்களிடமிருந்து ஏற்றுக்கொண்டதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆகவே அந்தத் தோரணியின் கீழே, ‘எங்களுக்கு மூன்று விடைகள் வருகின்றன’ என்று உங்கள் பேத்தியே பென்சிலால் எழுதட்டும். மூன்றையும் அவள் காரணத்தோடு சொல்லிவிட்டால், அந்தப் பக்கத்திலேயே ஆக நல்ல விடை அதுதான்.

மூன்றாவது கேள்வியை நான் ரசித்தேன். உயரம் வேறான இரண்டு பிள்ளைகளை ஒரே பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தினாலும் அவர்களுக்கு இடையிலுள்ள உயர வித்தியாசம் மாறாது; அப்படித்தான் 47-க்கும் 29-க்கும் ஒவ்வொன்று கூட்டினாலும் இடைவெளி அதே 18. ஒன்றாம் இடத்தில் ஏழிலிருந்து ஒன்பது போகாது, பக்கத்தில் கடன் வாங்கு என்று நாமெல்லாம் மனப்பாடமாகச் செய்த வேலை இங்கே தேவைப்படவில்லை. இதே வித்தையை வேறொரு வழியில் நீங்களும் செய்திருப்பீர்கள்: 29 வெள்ளிக்குச் சாமான் வாங்கியவருக்கு 47 வெள்ளியிலிருந்து மீதி கொடுக்கும் கடைக்காரர், 30-க்கு ஒன்று, அங்கிருந்து 47-க்குப் பதினேழு, ஆக பதினெட்டு என்று மேல்நோக்கித்தான் எண்ணுவார். செக்ரோல் எழுதிய கைக்கு இது புதிதில்லை. அதைச் சொற்களில் எழுதச் சொல்லி நம்மை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். விளக்கத்தைப் பேத்தியின் வாயால் வரவழையுங்கள். ‘ரெண்டுலயும் ஒண்ணு கூட்டினோம், அதனால் வித்தியாசம் மாறல’ என்று அவள் சொன்னால், அதையே எழுதட்டும். நீங்கள் அதை அலங்கரிக்க வேண்டாம்.

இவ்வளவு சொல்லும் நான், அந்த விடைகளை அவள் நோட்டில் நீங்கள் எழுதவைப்பதை மட்டும் வேண்டாம் என்பேன். நம் நாட்டில் முதல் மூன்று ஆண்டுகளுக்கான தேர்வுகள் 2019-இலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. 2021-இல், ஆறாம் ஆண்டில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வும் போய்விட்டது. இப்போது பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று ஆசிரியருக்குச் சொல்வது வகுப்பறையில் அவர் பார்ப்பதும் நோட்டில் அவர் திருத்துவதும்தான். ஓய்வு பெற்ற கிராணி ஒருவரின் கணக்கு எட்டு வயதுப் பிள்ளையின் நோட்டில் சரியாகவும் அழகாகவும் வந்து சேர்ந்தால், ஆசிரியர் அதை நம்பி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். புரியாதது புரியாததாகவே பின்னால் நிற்கும். தெரியாத கேள்வியை வெற்றாக விட்டு, ‘இதில் இந்த இடம் புரியவில்லை’ என்று ஒரு வரி எழுதி அனுப்புவது சோம்பல் அன்று, அந்த மதிப்பீட்டுக்கு நீங்கள் செய்யும் உதவி. (வார இறுதியில் வீட்டுப்பாடமே கொடுக்கக்கூடாது என்று நினைப்பவன் நான், அது வேறொரு கடிதத்துக்கான விவகாரம்.)

உங்கள் மருமகளின் சலிப்பை நான் குறையாகக் கொள்ளவில்லை. தோட்டப்பள்ளியில் தமிழில் வாய்ப்பாடு சொன்ன நீங்களும், தமிழ்ப்பள்ளியிலேயே ஆங்கிலத்தில் கணிதம் படித்த அவரும், மீண்டும் தமிழில் படிக்கும் பேத்தியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் மூன்று விதமான கணக்குப் பேச்சு கலப்பது இயல்புதான். அதைச் சமாளிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: ‘பள்ளியில் டீச்சர் இதை எப்படிச் செய்து காட்டினார்?’ பேத்தி செய்து காட்டட்டும், நீங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருங்கள். அவளுக்கு நினைவில்லை என்றால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். புலனக் குழுவுக்குப் படம் அனுப்ப வேண்டாம், ஏனென்றால் அங்கே பதில் சொல்பவர்களில் எவரும் அந்த வகுப்பில் உட்கார்ந்தவர் இல்லை.

டியூஷன் இப்போது தேவையில்லை. ரம்புத்தான் கணக்கைப்பற்றி மட்டும் நீங்களே ஒரு நாள் பள்ளி முடியும் நேரத்தில் போய் ஆசிரியரைப் பாருங்கள். திருத்தியது தவறு என்று தொடங்காமல், வகுப்பில் எந்த எண் முதலில் வருகிறது என்று கேளுங்கள். மற்றதை அவரே சொல்வார். போகும்போது அந்தப் பயிற்றியையும் கையில் எடுத்துச் செல்லுங்கள், பிழையைக் காட்டினால் மற்ற பிள்ளைகளின் வீடுகளிலாவது அன்றிரவு சண்டை நடக்காது.