பனியாற்றில் கால் வைக்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஜூலையில் மகன் குடும்பத்தோடு ஐஸ்லாந்து போகிறோம். சோல்ஹெய்மாயோகுட்ல் பனியாற்றில் (கிளேசியர்) வழிகாட்டியுடன் நடக்க முன்பதிவு செய்திருக்கிறான். தினமும் வாக்கிங் போகும் ஸ்போர்ட்ஸ் ஷூ போதுமா? எம்.சி. ரோட்டில் நல்ல ஸ்வெட்டர் வாங்கிக்கொள்ளலாமா?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அந்த ஷூ வேண்டவே வேண்டாம். பனிக்கட்டியில் உங்களை நிறுத்தப்போவது கிராம்பான் என்கிற உலோக முட்சட்டம். அதை ஷூவுக்கு அடியில் வைத்துப் பட்டையால் இறுக்குவார்கள். சட்டம் விறைப்பானது, ஸ்போர்ட்ஸ் ஷூவோ ஒவ்வோர் அடிக்கும் விரல் பக்கம் மடங்கும். மடங்க மடங்கப் பட்டை தளர்ந்து, சரிவின் நடுவே கழன்றுவிடும். கணுக்காலை மூடுகிற, அடிப்பாகம் வளையாத ட்ரெக்கிங் பூட்ஸ்தான் சரி. சென்னையில் பிறகு போட வழியில்லாத பூட்ஸுக்குப் பணம் போடாதீர்கள். நடத்துகிற நிறுவனங்கள் பெரும்பாலும் வாடகைக்குத் தருகின்றன. இப்போதே அளவைச் சொல்லி வையுங்கள். தடித்த கம்பளி சாக்ஸோடு சேர்த்து அளவு பாருங்கள். இறங்கும்போது விரல் முன்னால் போய் இடிக்கும், அதனால் கால் நகத்தை முன்கூட்டியே வெட்டிவிடுங்கள்.

கனமான ஒரே ஸ்வெட்டரும் உதவாது, காற்று அதில் ஊடுருவும். மூன்று அடுக்காகப் போடுங்கள்: உடம்போடு ஒட்டிய கம்பளி அல்லது பாலியஸ்டர் பனியன், அதன்மேல் ஃப்ளீஸ் எனும் மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை, வெளியே மழையும் காற்றும் புகாத ஜாக்கெட். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் கிடக்கும். நடை நின்றதும் நடுக்கம் வரும். ஜீன்ஸும் அப்படித்தான். சுடிதார் பேன்ட், பலாஸோ போன்ற அகலமான கால்சட்டைகள் இன்னும் ஆபத்து: ஒரு காலின் முள் மறுகாலின் துணியில் மாட்டினால் குப்புற விழுவீர்கள். வெயில் அடித்தாலும் கையுறை கட்டாயம். கோடைப் பனிக்கட்டியின் மேற்பரப்பு உடைந்த கண்ணாடி மாதிரி. கை ஊன்றினால் தோலைக் கிழித்துவிடும்.

கேள்வி: வயது 61. சர்க்கரை உண்டு, முழங்கால் கொஞ்சம் வலிக்கும். எனக்கு முடியுமா? இங்கே எப்படிப் பழகுவது?
— வாசகர், ராயபுரம்

பதில்: எளிய நடை என்று போட்டிருப்பதையே எடுங்கள். அதிலும் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சரளைக்கல் பாதையில் பனிவரை போய்வர வேண்டும். முழங்காலைப் படுத்துவது ஏற்றமல்ல, இறக்கம். இப்போதிருந்தே லிஃப்டை விட்டுவிட்டு மூன்று மாடி ஏறி இறங்குங்கள், இறங்கும்போது நிதானம். மறுநாள் காலையில் மூட்டு வலித்தால் இந்தப் பயணத்தை விட்டுவிடுவதே நல்லது. பாதியில் உங்களால் முடியவில்லை என்றால் பெரும்பாலும் குழு முழுவதும் திரும்ப நேரிடும். பாதத்தில் மரமரப்பு இருந்தால் பூட்ஸ் கடித்துப் புண்ணானதுகூடத் தெரியாது, முதலில் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை இறங்கினால் சாப்பிட மிட்டாய் கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். ராயபுரம் கடற்கரையில் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள்மேல் ஏறிப் பழக வேண்டாம், கணுக்கால் போய்விடும்.

வீட்டிலேயே பழகவேண்டியது நடக்கும் விதம். நாம் குதிகாலை முதலில் வைத்து விரலுக்கு உருட்டி நடக்கிறோம். பனியில் பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும், அப்போதுதான் எல்லா முட்களும் கடிக்கும். இரு பாதங்களுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. காலை இழுக்காமல் தூக்கி வையுங்கள். இறக்கத்தில் பயம் நம்மைப் பின்னால் சாய்க்கும்; சாய்ந்தால் முள் பிடி விடும். முழங்காலை மடக்கி, எடையைப் பாதத்துக்கு நேர்மேலே நிறுத்துங்கள்.

கேள்வி: கட்டணம் அதிகம். கிராம்பானை மட்டும் வாடகைக்கு எடுத்து, வீடியோவில் தெரிகிற பாதையில் நானே போகக்கூடாதா?
— வாசகர், பெரம்பூர்

பதில்: கூடாது. பனியாறு நகர்ந்துகொண்டே உருகுகிறது. நேற்றைய பாதை இன்று இருக்காது. வழிகாட்டிகள் கோடாரியால் வெட்டிய படிகள்கூட வெயிலில் கரைந்துவிடும். பிளவுகளை மெல்லிய பனி மூடியிருக்கலாம். உருகுநீர் துளைத்த செங்குத்துக் குழிகளில் விழுந்தால் தனியாக ஏறி வர முடியாது. நியூசிலாந்தின் ஃபிரான்ஸ் ஜோசப் பனியாற்றில் முன்பு பள்ளத்தாக்கு வழியாகவே நடந்து ஏறினார்கள். பனி பின்வாங்கி முகப்பு ஆபத்தானதால் 2012 முதல் ஹெலிகாப்டரில்தான் மேலே இறக்குகிறார்கள்.

வழிகாட்டி இருந்தும் ஆபத்து முழுக்கப் போவதில்லை. 2024 ஆகஸ்ட் 25 அன்று ஐஸ்லாந்தின் ப்ரெய்டாமெர்குர்யோகுட்ல் பனியாற்றில் பனிக்குகை பார்க்க வழிகாட்டிகளுடன் போன குழுவின்மேல் பனி இடிந்து ஒருவர் இறந்தார். கோடையில் பனிக்குகைக்குள் கூட்டிப்போவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பயணக் காப்பீட்டில் பனியாற்று நடைக்கும் இழப்பீடு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல பாலிசிகள் சாகச நடவடிக்கைகளை விலக்கிவிடுகின்றன.

கேள்வி: மேகமாக இருந்தால் கூலிங் கிளாஸ் வேண்டுமா?
— வாசகி, திருவொற்றியூர்

பதில்: வேண்டும். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும், மேகம் அதை முழுதாகத் தடுப்பதில்லை. கீழிருந்தும் வெளிச்சம் அடிப்பதால் தாடைக்கு அடியிலும் மூக்கு நுனிக்குக் கீழும் சன்ஸ்க்ரீன் பூசுங்கள். குளிரில் போன் பேட்டரி சட்டென இறங்கும், உள் பாக்கெட்டில் வையுங்கள். பனிமேல் கழிப்பறை கிடையாது. புறப்படும் இடத்திலேயே போய்வந்துவிடுங்கள்.