விசித்திரமான புதைபடிவம் கிடைத்தால் அது என்னவென்று எப்படிக் கண்டறிவது?

உங்களுக்குக் கிடைத்ததைப் பார்த்தவர்கள் எல்லாம் "வெறும் கல்" என்று சொல்லிவிட்டதாகவும், முறையாகப் படிக்காத சேகரிப்பாளர் என்பதால் உங்களை யாரும் பொருட்படுத்தவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதே பதிலை நானும் கேட்டவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் நீங்கள் ஒரே ஒரு படத்தை அனுப்பியிருப்பீர்கள். கல்லைத் தேய்த்துக் கழுவியும் இருப்பீர்கள்.

எனக்குக் கிடைத்தது ஒரு சுண்ணாம்புக்கல் அடுக்கில். (சட்டம் பேச வருபவர்களுக்கு: நில உரிமையாளரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்றே எடுத்தேன்.) உள்ளங்கை அளவு, மேலே அகன்று, கீழே குவிந்து, நடுவில் பள்ளம். கல்லாகிப்போன இதயம் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். நீரில் உருண்ட கல் என்று இன்னொருவர் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல் முடித்துவிட்டார். இரண்டையும் நான் ஏற்கவில்லை. மேல்முனையில் இரண்டு குமிழ்கள் ஒன்றையொன்று நோக்கி வளைந்திருந்தன. இடமும் வலமும் அச்சாகப் பொருந்தின. உருளும் கல்லுக்கு அந்த ஒழுங்கு வராது.

அதைப் பெயர்த்தபோது, அது பதிந்திருந்த பாறைத் துண்டும் உடைந்து வந்தது. உடன் வந்தவர் குப்பையைச் சுமக்காதே என்றார். நான் அதையும் தாளில் சுற்றி, இரண்டுக்கும் ஒரே எண்ணிட்டு, எந்த அடுக்கு, அதற்கு மேலும் கீழும் என்ன பாறை என்று எழுதி வைத்தேன்.

கடைசியில் ஒரு தொல்லுயிரியலாளர், அதாவது புதைபடிவங்களை ஆராய்பவர், பார்க்க ஒப்புக்கொண்டார். "இதயத்தை" ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். அவர் கேட்டு வாங்கியது பாறைத் துண்டை. அதன் குழியில் களிமண்ணை அழுத்தி மெதுவாக உரித்தார். களிமண்ணின் மேல் வரிவரியாக மேடுகள் எழுந்து நின்றன: ஒரு சிப்பியின் வெளிப்புறம். சிப்பி செத்தபின் உள்ளே சேறு நிறைந்து இறுகியிருக்கிறது. ஓடு பிற்பாடு கரைந்துபோயிருக்கிறது. என்னிடம் இருந்தது அந்தச் சேற்றின் வடிவம், அதாவது உள் அச்சு. தடித்த ஓடு என்பதால் வெளிவரிகள் உள்ளே இறங்கவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்ததும், தசை ஒட்டியிருந்த தழும்பு பக்கவாட்டில் வட்டமாகத் தெரிந்தது. எந்தப் பேரினம் என்பதை அந்த வரிகளையும் என் குறிப்பையும் வைத்தே சொன்னார். குறிப்பு வைத்திருந்ததற்காக நான் இன்றும் பெருமைப்படுகிறேன்.

இதயம் புதைபடிவமாகவே ஆகாதா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. பிரேசிலில் கிடைத்த ரகோலெபிஸ் என்ற பழங்கால மீனில் இதயம் எஞ்சியிருப்பதை 2016இல் காட்டினார்கள். ஆனால் "வில்லோ" என்று அழைக்கப்படும் தெசெலோசோரஸ் டைனோசரின் நெஞ்சுக்கூட்டில் இதயம் இருப்பதாக 2000இல் வந்த அறிவிப்பை, அது மணல் இறுகிய கட்டிதான் என்று 2011ஆம் ஆண்டின் ஆய்வு மறுத்தது. வடிவத்தை மட்டும் நம்பினால் நிபுணர்களுக்கும் இதுதான் கதி.

நிபுணரே தெரியவில்லை என்று கைவிரித்தாலும் தளராதீர்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிரான்சிஸ் டல்லி என்ற சேகரிப்பாளர் ஒரு விசித்திர உயிரினத்தைக் கண்டெடுத்து சிகாகோவின் பீல்டு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். அங்கும் யாருக்கும் விளங்கவில்லை. 1966இல் அவர் பெயரையே சேர்த்து டல்லிமான்ஸ்ட்ரம் என்று பெயரிட்டார்கள். அது முதுகெலும்புள்ள உயிரினம் என்றது 2016ஆம் ஆண்டின் ஆய்வு. இல்லை என்றது 2023ஆம் ஆண்டின் ஆய்வு.

   

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இனிக் கழுவாதீர்கள்; வினிகர் வேண்டவே வேண்டாம், சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் அரித்துவிடும். எடுத்த இடத்தை நினைவிருக்கும்போதே எழுதுங்கள். அனுமதி இருந்தால் அங்கேயே போய், அது பதிந்திருந்த பாறை மிச்சம் இருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு பக்கத்தில் அளவுகோலை வைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் எல்லாப் பக்கமும் படமெடுத்து, அந்தக் குறிப்போடு சேர்த்து அனுப்புங்கள்.